மச்சி, பைபாட் வாங்கு… ஆனா வேட்டைக்கு வேணாம்

போன வாரம் எங்க ஹாஸ்டல் வாட்ஸப் குரூப்பில் ஒரு லிங்க் வந்தது. "ஹன்டிங் ரைஃபிள் பைபாட், செம ஆஃபர்." படத்தில் கறுப்பு நிறத்தில் ரெண்டு கால், நடுவில் ஒரு ஸ்பிரிங், பின்னணியில் பனி மலை, ஒரு கொம்பு மான். அனுப்பினவன் என் ரூம்மேட், சென்னைப் பையன். கீழே ஒரு வரி வேற: "மச்சி, உங்க ஊர்ல பன்னித் தொல்லைன்னு சொன்னியே, செம் லீவுக்கு வர்றேன். போட்டுத் தள்ளிடலாம்."

குரூப்பில் வரிசையா நெருப்பு எமோஜி விழுந்தது. நான் ஒண்ணும் போடல. ஏன் போடலன்னு அவனுக்கு நேரில் சொல்லியிருக்கலாம். ஆனா இதே லிங்க் உங்க குரூப்பிலும் ஒரு நாள் வரும்னு தோணுது. அதனால இங்கேயே எழுதிடறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பைபாட் ஒரு கெட்ட பொருள்னு நான் சொல்ல வரல. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு அது ரொம்ப அழகான பொருள். எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாது, வாங்கினதை எப்படிப் பயன்படுத்தணும்னு கீழே சொல்றேன். ஆனா "வேட்டைக்கு"ன்னு அதை நம்ம ஊருக்குக் கொண்டு வராதீங்க. அதுதான் என் கருத்து. காரணங்களைப் படிச்சுட்டு சண்டை போடுங்க.

அந்த பங்குனி ராத்திரி

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற பஸ்ஸில் ஏறினா வர்ற ஊர். மானாவாரியும் கிணத்துப் பாசனமும் கலந்த பூமி. நெல்லு, கரும்பு, அதுக்கப்புறம் மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்க பக்கம் மல்லாட்டைன்னுதான் பேர்.

மல்லாட்டை முத்துற நேரம் பார்த்து காட்டுப்பன்னி கூட்டமா இறங்கும். ஒரு ராத்திரியில் அரைக் காணி நிலத்தை உழுது போட்ட மாதிரி பண்ணிட்டுப் போயிடும். எங்க பெரியப்பா ஒரு வருஷம் விதை மல்லாட்டை காசைக்கூட எடுக்கல. அதனால பன்னி மேல எனக்குப் பாசம் ஒண்ணும் கிடையாது. இதை நீங்க நம்பணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி பங்குனியில் என் சித்தப்பா பையன் ஒரு ஏர்கன் வச்சிருந்தான். குழலை மடக்கி லோடு பண்ற ஸ்பிரிங் ரகம். அதுக்கு ஆன்லைனில் ஒரு பைபாட் வாங்கி, குழல்லயே கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் வரப்பு மேல படுத்தோம். பன்னியை அடிக்கப் போறோம்னு நெனப்பு.

நாப்பது மீட்டர் தள்ளி, கரும்புத் தோட்ட ஓரத்தில் கறுப்பா, குள்ளமா ஒரு உருவம் அசைஞ்சது. அவன் குறி வச்சான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, துப்பாக்கி கொஞ்சம்கூட ஆடல. ரெண்டு காலும் வரப்பு மண்ணில் அழுத்தமா நின்னுது. "செட் ஆயிடுச்சுடா"ன்னு கிசுகிசுத்தான்.

அப்போ அந்த உருவம் இருமிச்சு.

பக்கத்து நிலத்துத் தாத்தா. கறுப்புக் கம்பளி போத்திக்கிட்டு, பன்னிக் காவலுக்குக் குத்துக்கால் வச்சு உக்காந்திருந்தார். எங்க சலசலப்பு கேட்டு, "யார்ரா அது? இன்னாடா பண்றீங்க அங்க?"ன்னு கத்தினார். நாங்க ஒண்ணும் பேசாம எழுந்து வீட்டுக்கு வந்துட்டோம். இன்னிக்கு வரைக்கும் அவருக்கு விஷயம் தெரியாது. பார்க்கும்போதெல்லாம் "காலேஜ் எப்படி நைனா போவுது?"ன்னு கேப்பார். நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்.

ஏர்கன்தானே, செத்தா போயிடுவாருன்னு கேக்கலாம். கணக்கு போடுங்க. சட்டப்படி உரிமம் இல்லாம வச்சுக்கக்கூடிய ஏர்கன்னின் ஆற்றல் உச்சம் 20 ஜூல். அரை கிராம் பெல்லட்டுக்கு அந்த ஆற்றல்னா வேகம் நொடிக்குச் சுமார் 280 மீட்டர், அதாவது மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர். எங்க கையில் இருந்தது அதில் பாதி ஆற்றல்னே வச்சுக்குங்க. ஒரு கண்ணுக்கு அது தாராளம். அதே பெல்லட் காட்டுப்பன்னியின் தோலுக்கும் கொழுப்புக்கும் முன்னாடி ஒண்ணுமே இல்ல. பன்னி சாகாது, காயத்தோட ஓடும். காயம்பட்ட பன்னி அடுத்த நாள் காலையில் யாரைக் குத்தும்னு யாருக்கும் தெரியாது.

அன்னிக்கு எங்களைத் துணிய வச்சது பைபாட்தான்னு நான் நினைக்கிறேன். கையில் பிடிச்சிருந்தா குறி ஆடியிருக்கும், சந்தேகம் வந்திருக்கும். குறி ஆடாம நின்னதும் எதிரில் இருக்கிறது என்னன்னும் தெரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பைபாட் குழலோட ஆட்டத்தை நிறுத்தும், அவ்வளவுதான். எதிரில் இருக்கிறது பன்னியா தாத்தாவான்னு அது சொல்லாது.

சட்டம் என்ன சொல்லுது?

யூடியூப்பில் வர்ற வேட்டை வீடியோ எல்லாம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. அங்க லைசென்ஸ், சீசன், கோட்டா எல்லாம் உண்டு. இங்க கதை வேற.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. ஆரம்பத்தில் சில விலங்குகளுக்கு வேட்டை உரிமம் கொடுக்க அதில் இடம் இருந்தது. 1991 திருத்தத்தோட அதுவும் போச்சு. இன்னிக்கு இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்குன்னு ஒரு லைசென்ஸே கிடையாது. அதே சட்டத்தில் "வேட்டை"ங்கிற சொல்லுக்குள் கொல்றது மட்டும் இல்ல; பிடிக்கிறது, பொறி வைக்கிறது, துரத்துறது, இதுக்கெல்லாம் முயற்சி பண்றதும் அடங்கும். அந்த ராத்திரி நாங்க ட்ரிகரை அழுத்தவே இல்ல. ஆனாலும் "முயற்சி"ங்கிற சொல்லுக்குள்ள நாங்க தாராளமா மாட்டுவோம்.

2022 திருத்தத்துக்கு அப்புறம் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கு. மயில் முதல் அட்டவணை. முயல், கௌதாரின்னு நம்ம பசங்க "சும்மா"ன்னு நினைக்கிறதும் பட்டியலுக்குள்ளதான். இரண்டாம் அட்டவணை விலங்கு வேட்டைக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. முதல் அட்டவணைன்னா குறைந்தபட்சமே 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகலாம். பயன்படுத்தின ஆயுதமும் வண்டியும் பறிமுதல். உங்க அப்பா ஈ.எம்.ஐ. கட்டுற பைக்கா இருந்தாலும்.

துப்பாக்கி பக்கம் வருவோம். ஆயுதச் சட்டம் 1959. நிஜ ரைஃபிள்னா உரிமம் இல்லாம தொடக்கூடாது. உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கிக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனையே 2 ஆண்டு. உரிமம் இல்லாம உங்களால் வாங்க முடியறது 2016 ஆயுத விதிகளில் விலக்கு தந்திருக்கிற ஏர்கன் மட்டும்தான்: 0.177 அங்குல விட்டத்துக்குள்ள, 20 ஜூலுக்குள்ள. விலக்கு அதை வச்சுக்கிறதுக்குத்தான். வேட்டைக்கு அது எந்த விலக்கும் தரல.

ஆக, காலேஜ் பையனுக்கு "ஹன்டிங் ரைஃபிள் பைபாட்"னா அதில் ஹன்டிங்கும் கிடையாது, ரைஃபிளும் கிடையாது. பைபாட் மட்டும்தான் மிச்சம். அதை ஒழுங்கா வாங்குவோம்.

ரெண்டு கால் எப்படி நிக்கும்?

என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் இன்டர்னலில் என்ன மார்க் வாங்கியிருந்தாலும் இது புரியும். மூணு கால் ஸ்டூல் எந்தத் தரையிலும் ஆடாது. ரெண்டு காலில் எதுவும் தானா நிக்காது. பைபாட்டுக்கு மூணாவது கால் எங்க இருக்கு? துப்பாக்கியின் பட், அதாவது உங்க தோள். அதனாலதான் பைபாட் வாங்கினா பாதி வேலைதான் முடியுதுன்னு சொல்றேன்.

பைபாட்டுக்கும் தோளுக்கும் இடையில் 60 செ.மீ. இருக்குன்னு வைங்க. பட் 1 மி.மீ. மேலே ஏறினா, கோணம் 600இல் 1 ரேடியன். பத்து மீட்டரில் இருக்கிற காகித டார்கெட்டில் அது கிட்டத்தட்ட 17 மி.மீ. விலகல். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி டார்கெட்டில் நடு வட்டம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி, மொத்த வட்டமே 45.5 மி.மீ.தான். உங்க தோளில் ஒரு மில்லிமீட்டர் மூச்சு, பத்துக்குப் பதிலா நாலு பாயின்ட்.

முன்னாடி எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு பைபாட் போட்டாலும், பின்னாடி தோளும் கையும் ஆடினா பலன் பூஜ்யம். இதுக்குத் தீர்வு ரொம்ப மலிவு. ஒரு பழைய சாக்ஸில் அரிசியோ மணலோ நிரப்பி முடிச்சுப் போடுங்க. அதைப் பட்டுக்கு அடியில் வச்சு, இடது கையால அழுத்தியும் தளர்த்தியும் உயரத்தைச் சரிபண்ணுங்க. என் அனுபவத்தில், விலை உயர்ந்த பைபாட்டும் வெறும் தோளும் சேர்ந்ததை விட, சாதாரண பைபாட்டும் ஒரு அரிசி சாக்ஸும் நல்லா சுடும்.

இந்த யோசனை புதுசும் இல்ல. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிப்பாய்கள் கனமான மஸ்கெட்டைத் தாங்க ஒரு கவைக்கோல் கூடவே தூக்கிட்டுப் போனாங்க. திபெத்தியத் திரித்துப்பாக்கிகளில் மான் கொம்பு மாதிரி ரெண்டு முனை மடக்குக் கால் குழலோடயே இருக்கும். நம்ம ராணுவத்தின் இன்சாஸ் எல்.எம்.ஜி.யில் இருக்கிறதும் அதே ரெண்டு கால். என்.சி.சி.யில் இருக்கிறவங்க .22 ரைஃபிளைப் படுத்துச் சுடும்போது, முழங்கை ரெண்டும் உடம்பும் சேர்ந்து எப்படி ஒரு தாங்கியா மாறுதுன்னு கவனிச்சிருப்பீங்க. தத்துவம் ஒண்ணேதான்.

மலிவா வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

ஒண்ணு, எங்க மாட்டுது. இதுதான் முதல் கேள்வி, பலரும் கடைசியில் கேக்கறாங்க. குழலில் கிளாம்ப் போடுற ரகத்தைத் தொடாதீங்க. சுடும்போது குழல் அதிரும். அதில் எடையைத் தொங்கவிட்டா பெல்லட் விழுற இடம் மாறும். மடக்கு ரக ஏர்கன்னில் இன்னும் மோசம். ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கும்போது காலும் சேர்ந்து சுத்தும், கிளாம்ப் நழுவும், அடுத்த குண்டு வேற இடம் போகும். கட்டையின் அடியில் இருக்கிற ஸ்விவல் ஸ்டட்டிலோ ரெயிலிலோ மாட்டுறதுதான் சரி.

ரெண்டு, ரெயில் பொருத்தம். பிக்காட்டினி ரெயிலுக்கு அளவு உண்டு. பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததுக்கு 10.01 மி.மீ. மலிவு நகல்களில் குறுக்குத் திருகு இந்தப் பள்ளத்தில் லொடலொடன்னு ஆடும். லேபில் வெர்னியர் சும்மாதானே கிடக்கு, அளந்து பாருங்க. கொஞ்சம் இடைவெளி இருந்தா இறுக்கும்போது முன்னால தள்ளி வச்சு இறுக்குங்க. அரை மில்லிமீட்டருக்கு மேல ஆடினா திருப்பி அனுப்பிடுங்க.

மூணு, காலின் உயரம். 6 முதல் 9 அங்குலம் வரைக்கும் நீள்ற கால் படுத்துச் சுட. 13 அங்குலத்துக்கு மேல நீள்றது உக்காந்து சுட. மேஜையில் வச்சு காகித டார்கெட் சுடறவங்களுக்குக் குட்டையான காலே போதும். கால் நீளமாக ஆக, அதே உலோகம் அதிகமா வளையும். கேண்டிலீவர் பீம் படிச்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

நாலு, பூட்டு. காலில் பள்ளம் வெட்டி, பட்டனை அழுத்தினா அடுத்த பள்ளத்தில் விழுற ரகம் நம்பகமானது. ரெண்டு காலும் ஒரே உயரத்தில் நிக்கும். திருகி இறுக்குற ரகத்தில் ஒரு கால் மெல்ல இறங்கிக்கிட்டே இருக்கும். அமெரிக்காவின் ஹாரிஸ் கம்பெனி பைபாட்டில் இந்தப் பள்ள ரகமும் வெளியே தெரியுற ஸ்பிரிங்கும் இருக்கும். ஆன்லைனில் நீங்க பார்க்கிற மலிவு ரகங்களில் நிறைய அதைப் பார்த்துப் பண்ணினதுதான். வடிவம் ஒண்ணு, பொருள் வேற. மலிவில் வார்ப்பு உலோகத்தில் மரை போட்டிருப்பாங்க, நாலு தடவை பலமா இறுக்கினா மரை போயிடும். மரை இருக்கிற இடத்தில் இரும்பு நட் பதிச்சிருக்கான்னு பாருங்க.

அஞ்சு, சாய்வு. மேடு பள்ளமான இடத்தில் துப்பாக்கி ஒரு பக்கம் சாயும். குண்டு வழியில் கீழே இறங்குற அளவை ஈடுகட்டத்தான் குழலைக் கொஞ்சம் மேல் நோக்கி வைக்கிறோம். துப்பாக்கி சாஞ்சா அந்த ஈடு பக்கவாட்டில் போயிடும். 30 செ.மீ. ஈடு, 5 டிகிரி சாய்வுன்னா 2.6 செ.மீ. பக்கத்தில் விழும். அதனால பக்கவாட்டில் சாய்ச்சு நேராக்கிக்கிற வசதி இருக்கிற தலை நல்லது. பத்து மீட்டர் காகிதத்துக்கு இது பெரிய விஷயம் இல்ல, தூரம் கூடக் கூடத்தான் கடிக்கும்.

ஆறு, பாதம். ரப்பர் பாதம் போதும். சிமென்ட் தரையில் வச்சா சுடும்போது துள்ளும். அடியில் ஒரு பழைய பாயோ நாலா மடிச்ச துண்டோ போடுங்க.

பயன்படுத்தும்போது உடம்பு துப்பாக்கிக்கு நேர் பின்னால இருக்கட்டும், கோணலா படுக்காதீங்க. தோளால லேசா முன்னால தள்ளி, காலில் இருக்கிற லொடலொடப்பை எடுத்துடுங்க. எவ்வளவு தள்ளுறீங்கங்கறது முக்கியம் இல்ல, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தள்ளுறீங்களாங்கறதுதான் முக்கியம்.

இப்போ விளம்பரத்தில் வராத ஒரு உண்மை. நம்ம பசங்க கையில் இருக்கிற மலிவு ஏர்கன்னில் பெரும்பாலானது ஸ்பிரிங் பிஸ்டன் ரகம். ட்ரிகரை அழுத்தினதும் உள்ள இருக்கிற பிஸ்டன் முன்னால பாயும், துப்பாக்கி பின்னால உதைக்கும், பிஸ்டன் முடிவில் மோதினதும் உதை திசை மாறும். பெல்லட் குழலை விட்டு வெளியே போறதுக்குள்ள இத்தனையும் நடந்துடும். அதனால இந்த ரகத்தை எதிலயும் கெட்டியா கட்டிப் போடக்கூடாது. உள்ளங்கை மேல தளர்வா வச்சு, அது போற போக்கில் போக விட்டாத்தான் குண்டெல்லாம் ஒரே இடத்தில் விழும். இதுக்கு பைபாட் போட்டா குறி பார்க்கும்போது ஆடாது, ஆனா குண்டு சிதறும். காற்றை முன்கூட்டியே அடைச்சு வைக்கிற பி.சி.பி. ரகத்துக்குத்தான் பைபாட் நிஜமாவே உதவும். ஸ்பிரிங் ரகம் வச்சிருக்கீங்கன்னா பைபாட் காசை மிச்சம் பிடிச்சு, நல்ல பெல்லட் ரெண்டு டப்பா வாங்குங்க. பெல்லட் போடாம சும்மா ட்ரிகர் அழுத்தியும் பழகாதீங்க. காற்றுத் தடை இல்லாம பிஸ்டன் நேரா மோதி உள்ள உடையும்.

அப்போ வயல்ல?

இத்தனையும் சரியா வாங்கினாலும் எங்க ஊர் வயலில் பைபாட் வேலைக்கு ஆகாது. படுத்தா துப்பாக்கி தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம். முத்தின மல்லாட்டைச் செடி அதை விட உயரம். ஸ்கோப்பில் இலைதான் தெரியும். வரப்பு மேல ஏறிப் படுத்தா குறி தரையோட தரையா போகும். பின்னால தடுக்க மண்மேடு கிடையாது. எங்க பக்கம் பூமியெல்லாம் பாறை; பட்டு எகிறினா எந்தத் திசைன்னு சொல்ல முடியாது.

அமெரிக்க வீடியோவில் பின்னால ஒரு மலை இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கம் வயலுக்குப் பின்னால என்ன இருக்கு? இன்னொரு வயல், மோட்டார் கொட்டாய், அதில் தூங்குறவர், ஏரிக்கரை, ரோடு, கடைசி பஸ். .22 தோட்டாவே ஒரு மைலுக்கு மேல போகும். நாட்டுத்துப்பாக்கியோட வேட்டைக்குப் போய், கூட வந்தவனையே பன்னின்னு நினைச்சுச் சுட்ட செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வர்றது. முன்னெல்லாம் அதைப் படிச்சா "எப்படிடா மனுஷனைத் தெரியாம போகும்"னு கேப்பேன். இப்போ கேக்கறதில்ல.

"சரி, உங்க பெரியப்பா மல்லாட்டைக்கு என்ன வழி?"ன்னு நீங்க கேக்கணும். நியாயமான கேள்வி. விவசாயிக்கு வழி சொல்லாம "சட்டம், சட்டம்"னு பேசறவங்களைப் பார்த்தா எனக்கும் கோபம் வரும். பயிரை அழிக்கிற இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்ல அனுமதிக்க அதே 1972 சட்டத்திலேயே 11ஆம் பிரிவு இருக்கு. தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் தந்த அதிகாரியோ எழுத்து மூலம் அனுமதிக்கணும். கேரளாவில் 2022இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் கையில் கொடுத்தாங்க. உரிமம் உள்ளவங்களை வச்சுச் சுட அவங்க உத்தரவு போடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் ஒரு அறிவிப்பு வந்தது. காட்டோரத்திலிருந்து 1 கி.மீ. வரைக்கும் சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரைக்கும் பிடிச்சுக் காட்டில் விடணும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையே சுடலாம்.

இது போதுமான்னு கேட்டா, போதாதுன்னுதான் நான் சொல்வேன். வனத்துறை ஆள் வந்து சேர்றதுக்குள்ள பன்னி மூணு வயலை முடிச்சிருக்கும். நம்ம மாவட்டத்திலும் இதை வேகமா, வெளிப்படையா நடத்தணும்னு கேக்கறது நம்ம உரிமை. ஆனா அதுக்கான ஆள் பயிற்சி உள்ளவங்க, உத்தரவு உள்ளவங்க. லீவுக்கு வந்த பசங்க கிடையாது.

நமக்கு வேலை வேற இடத்தில் இருக்கு. எங்க ஊர்ல இன்னிக்கும் பழைய புடவையைக் கட்டி வேலி போடறாங்க, ராத்திரி முழுக்கத் தகரம் தட்டறாங்க. பொறுக்க முடியாதவங்க கரண்ட் கம்பியை நேரா வேலியில் போடறாங்க. அதில் பன்னியை விட முன்னாடி மனுஷன்தான் சாகறான். தண்ணி பாய்ச்சப் போனவன், மாடு ஓட்டிட்டு வந்தவன். முறையான சோலார் வேலி வினாடிக்கு ஒரு தடவை மாதிரி, ரொம்பச் சின்ன நேரத்துக்கு மட்டும் துடிப்பு கொடுக்கும். அதிர்ச்சி தரும், ஆளைக் கொல்லாது. இந்த வித்தியாசம் நம்ம ஈ.ஈ.ஈ. பசங்களுக்கு ஒரு கிளாஸ் பாடம். எங்க ஊர்ல அதைத் தெரியாததால் உயிர் போகுது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கலன்னு புலம்பறவங்க, ஒரு ஏக்கருக்குக் கட்டுப்படியாகிற விலையில் ஒரு வேலி பண்ணிக் காட்டுங்க. நான் கூட வர்றேன்.

என் ரூம்மேட்டுக்கு

மச்சி, உனக்குச் சுடறது பிடிச்சிருந்தா தப்பே இல்ல. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் ரெண்டு ஒலிம்பிக் போயிருக்காங்க. நின்னுக்கிட்டு, பைபாட் இல்லாம, அந்த அரை மில்லிமீட்டர் புள்ளியைச் சுடறாங்க. முதல்ல என்.சி.சி.யில் சேரு, இல்ல ஒரு ரைஃபிள் கிளப்பில் சேரு. பின்னால சுவர் இருக்கிற இடத்தில், காகிதத்தைச் சுடு. பி.சி.பி. வாங்குற அளவுக்குக் காசு சேர்ந்தா சொல்லு, பைபாட் நானே பார்த்து எடுத்துத் தர்றேன், வெர்னியரோட வர்றேன்.

செம் லீவுக்குக் கண்டிப்பா ஊருக்கு வா. பெரியப்பா கொல்லிமேட்டில் கயித்துக் கட்டில் போட்டுக் காவலுக்குப் படுப்பார், அவரோட ஒரு ராத்திரி படு. டார்ச்சும் தகரமும் அவர்கிட்டயே இருக்கு. பன்னி வந்தா எப்படி வரும், எந்தப் பக்கம் வரும், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தின்னும்னு கண்ணால பாரு. பக்கத்து நிலத்துத் தாத்தாவும் அங்கதான் இருப்பார், அதே கறுப்புக் கம்பளியோட. இருட்டில் அவர் எப்படித் தெரியறார்னு நீயே பாரு.

அதுக்கப்புறமும் அந்த லிங்க் வேணும்னா குரூப்பில் மேலே போய்ப் பாரு, அங்கேயேதான் இருக்கும்.